மராமத்துக் கணக்கு

1883 ஆகஸ்ட் 12-ம் தேதி ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சி சாலையில் ஒரு பெண் குவாக்கா செத்துப்போனது. தென்னாப்பிரிக்க மிருகம். வரிக்குதிரை ஜாதிதான், ஆனால் வரி முன்பாதியில் மட்டும். தலை, கழுத்து வரைக்கும் கோடு போட்டுவிட்டு, கூலித் தகராறில் பெயின்டர் பாதியில் இறங்கிப் போய்விட்ட மாதிரி, பின்பாதி வெறும் பழுப்பு. உலகத்தில் அதுதான் கடைசி குவாக்கா என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஒன்று போனால் இன்னொன்று பிடித்து வருவார்கள் என்று இருந்துவிட்டார்கள். தேடிப் பார்த்தபோது இன்னொன்று இல்லை.

சுமார் 120 வருஷம் கழித்து ஒரு கம்ப்யூட்டர் மென்பொருளுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். வழக்கொழிந்த மிருகத்தின் பெயரைப் பிறந்த குழந்தைக்கு வைக்கிற துணிச்சல் கம்ப்யூட்டர்காரர்களுக்குத்தான் வரும்.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவன் என் அக்கா பையன். ஒரு இன்டர்நெட் சர்வீஸ் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறான். அக்காவுக்கு இதில் தீராத வருத்தம். “இன்ஜினியரிங் படிச்சுட்டு வாட்ச்மேன் வேலை பாக்கறான்டா. ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு என்னத்தைடா பாக்கறேன்னு கேட்டா, ஒண்ணும் நடக்காம இருக்கான்னு பாக்கறேம்மாங்கறான்” என்பாள். அவன் பார்க்கிற வஸ்துவுக்கு ‘ரௌட்டிங் டீமன்’ என்று பெயர் என்று தெரிந்ததும் வருத்தம் பயமாக மாறியது. டீமன் என்றால் பிசாசு இல்லையோ?

இல்லை. கம்ப்யூட்டரில், நம் கண்ணில் படாமல் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரலுக்கு டீமன் என்று பெயர். 1963 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆரம்பித்த வழக்கம். மேக்ஸ்வெல் என்ற இயற்பியல் மேதை கற்பனை செய்த, ஓயாமல் மூலக்கூறுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருக்கும் ஒரு குட்டிப் பூதத்தை நினைத்து வைத்த பெயர். நம்மூரில் வைத்திருந்தால் எல்லைச்சாமி என்று வைத்திருப்போம். ஊர் எல்லையில் ராப்பகலாக நின்றுகொண்டிருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கல் வைப்போம். மற்றபடி ஞாபகம் வராது.

இந்த எல்லைச்சாமியின் வேலை, வழி சொல்வது. இன்டர்நெட் என்பது ஏதோ ஒரு பெரிய கம்பெனி நடத்தும் ஒற்றை வலை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி வலைகளின் கூட்டணி. டெலிபோன் கம்பெனி, கூகுள், யுனிவர்சிட்டி, பேங்க் என்று ஆளுக்கொரு வலை. கூட்டணிக்குத் தலைவர் கிடையாது. முழு மேப்பும் யாரிடமும் கிடையாது. ஒவ்வொரு வலையும் பக்கத்து வலையிடம், “இந்த இந்த விலாசத்துக்கெல்லாம் என் வழியா போகலாம்” என்று சொல்கிறது. பக்கத்து வலை அதற்குப் பக்கத்து வலையிடம் சொல்கிறது. தெரியாத ஊரில் டீக்கடை டீக்கடையாக வழி கேட்டுப் போகிற கதைதான். அவருக்கு அடுத்த திருப்பம் வரைதான் தெரியும். அங்கே இன்னொரு டீக்கடை இருக்கும். இந்தப் பேச்சு வழக்குக்கு பி.ஜி.பி. என்று பெயர். 1989-ல் சிஸ்கோவைச் சேர்ந்த ஒருவரும் ஐ.பி.எம்.மைச் சேர்ந்த ஒருவரும் சாப்பாட்டு மேஜையில் நாப்கின் காகிதத்தில் வரைந்தது. இன்றைக்கும் உலகம் அதில்தான் ஓடுகிறது.

இதில் ஒரு பேராபத்து இருப்பது உங்களுக்கே புரியும். டீக்கடைக்காரர் தப்பான வழி சொன்னால்? 2008 பிப்ரவரி 24-ம் தேதி அதுதான் நடந்தது. பாகிஸ்தான் அரசு தன் நாட்டில் யூட்யூபைத் தடுக்கச் சொன்னது. பாகிஸ்தான் டெலிகாம் தன் ஆட்களுக்கு மட்டும் “யூட்யூபுக்கு வழி இந்தப் பக்கம்” என்று ஒரு முட்டுச்சந்தைக் காட்டியது. அந்த அறிவிப்பு எல்லை தாண்டிக் கசிந்து, ஹாங்காங் கம்பெனி ஒன்றின் வழியாக உலகமெல்லாம் பரவிவிட்டது. தெருப் பெயர் மட்டும் சொல்கிறவனைவிட வீட்டு நம்பரோடு சொல்கிறவனை நம்பு என்பது பி.ஜி.பி.யின் சட்டம். முட்டுச்சந்து வீட்டு நம்பரோடு சொன்னது. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் உலகத்தின் பெரும்பகுதிக்கு யூட்யூப் இல்லை.

2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப் நின்றது ஞாபகமிருக்கும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாமும்தான். அது உள்வீட்டுக் கோளாறு. பராமரிப்புக்காகக் கொடுத்த ஒரு கட்டளை அவர்கள் வலையின் முதுகெலும்பையே துண்டித்துவிட, “எங்கள் விலாசத்துக்கு வழி இது” என்று சொல்லும் அறிவிப்புகளும் வாபஸாகிவிட்டன. சுமார் ஆறு மணி நேரம் அந்த வீடு இருக்கிறது, தெரு இருக்கிறது. போகிற வழி மட்டும் யாருக்கும் தெரியாது.

இந்த வழி சொல்லும் வேலைக்கு சிஸ்கோ, ஜூனிபர் போன்ற கம்பெனிகள் பெட்டி பெட்டியாக இயந்திரம் விற்கின்றன. நல்ல விலை. ஆனால் அதே வேலையைச் சாதாரண கம்ப்யூட்டரில், காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளும் மென்பொருளை வைத்தும் செய்யலாம். மூலநிரலைப் பிரித்துப் படிக்கலாம், மாற்றலாம், மாற்றி அடுத்தவருக்குக் கொடுத்தால் அந்த மாற்றத்தையும் திறந்து காட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

இந்த வகையில் பெரிய பெயர் ஜீப்ரா. குனிஹிரோ இஷிகுரோ என்ற ஜப்பானியப் பொறியாளர் 1996-ல் ஆரம்பித்தது. நன்றாக ஓடியது. 1999-ல் அவரும் ஒரு கூட்டாளியும் இதை வைத்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதில் தப்பில்லை, அரிசி வாங்க வேண்டுமல்லவா? ஆனால் காசு வரும் பதிப்பு வளர, இலவசப் பதிப்பு மெதுவாக நின்றது. உபயோகித்துக்கொண்டிருந்தவர்கள் அதைப் பிரதி எடுத்துத் தனியாக வளர்க்க ஆரம்பித்தார்கள். ஜீப்ராவிலிருந்து பிரிந்ததால் குவாக்கா. செத்துப்போன வரிக்குதிரையின் மறுபிறவி என்று ஒரு சிலேடை.

குவாக்காவும் பத்து வருஷத்துக்கு மேல் ஊரெல்லாம் ஓடியது. பிறகு அதற்கும் அதே மூச்சிரைப்பு. திருத்தங்கள் எழுதி அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். அவற்றைப் படித்து, சோதித்து, “சரி, சேர்க்கலாம்” என்று சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலர். மூட்டை மூட்டையாகத் திருத்தங்கள் திண்ணையில் குவிந்தன. கம்பெனிகள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு பிரதியைத் தனித்தனியாக ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டன. கடைசியில் 2017-ல் பல கம்பெனிகள் சேர்ந்து, லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையின்கீழ், எஃப்.ஆர்.ரௌட்டிங் என்று புதுக்குடித்தனம் போனார்கள். குவாக்காவின் கடைசிப் பதிப்பு 2018-ல் வந்தது. பெயர் பலித்துவிட்டது.

எஃப்.ஆர்.ரௌட்டிங்கைப் பிரித்துப் பார்த்தால், நடுவில் உட்கார்ந்து எல்லாரிடமும் கணக்குக் கேட்கும் முக்கியமான டீமனின் பெயர் இன்றைக்கும் ஜீப்ராதான். பல கோப்புகளின் தலையில் இஷிகுரோவின் பெயரும் 1990-களின் வருஷமும் அப்படியே இருக்கின்றன. அக்கா பையன் லேப்டாப்பில் காட்டினான். வீட்டை மூன்று தடவை விற்ற பிறகும் வாசல் நிலையில் முதல் சொந்தக்காரர் பெயர் செதுக்கியிருக்குமே, அந்த மாதிரி.

இதற்குப் போட்டியாக இன்னொரு கதை இருக்கிறது. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

1998-ல், செக் குடியரசின் தலைநகர் ப்ராகில், சார்லஸ் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் காலேஜ் ப்ராஜெக்ட்டாக ஒரு டீமன் எழுதினார்கள். முக்கியமாக மூன்று பேர்: மார்ட்டின் மாரெஷ், பாவெல் மாஹெக், ஒண்ட்ரே ஃபிலிப். பெயர் ‘பேர்ட்’. பறவை. விரித்தால் ‘பேர்ட் இன்டர்நெட் ரௌட்டிங் டீமன்’. முதல் எழுத்துக்கு விரிவு கேட்டால் மறுபடி பேர்ட் என்றே வரும். முடிவே இல்லாத ஹாஸ்டல் ஜோக். நம்மூரிலும் காலேஜ் ப்ராஜெக்ட்டுகள் உண்டு. பைண்டிங் செய்து, தங்க எழுத்துப் பொறித்து, வைவா முடிந்த மறுநாள் டிபார்ட்மென்ட் அலமாரியில் சமாதியாகும். பேர்டுக்கும் அதுதான் நடந்தது. பையன்கள் படிப்பை முடித்து வெவ்வேறு வேலைகளுக்குப் போனார்கள். பறவை சில வருஷம் தூங்கியது.

எழுப்பியது ஒரு தேவை. ஐரோப்பாவின் பெரிய நகரங்களில் இணைய இணைப்பகங்கள் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான வலைகள் ஒரே கூரையின்கீழ் வந்து கைகோர்க்கும் இடம். லண்டனில் லின்க்ஸ், ஃபிராங்க்ஃபர்ட்டில் டி.இ.சிக்ஸ். (இந்த டி.இ.சிக்ஸுக்கு இன்று சென்னையிலும் கிளை உண்டு.) 500 வலைகள் ஒன்றோடொன்று தனித்தனியாகப் பேசி வழி பரிமாறிக்கொள்வதென்றால் 1,24,750 பேச்சுவார்த்தை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், சரிதான். அதற்குப் பதில் நடுவில் ஒரு தரகரை உட்கார வைத்தால் 500 பேச்சில் முடிந்தது. கல்யாணத் தரகர் மாதிரி, ஜாதகங்கள் மட்டும் அவர் கை மாறும். அப்புறம் சம்பந்திகள் நேரடியாகப் பேசிக்கொள்வார்கள்; சீர் வரிசை அவர் வீட்டு வழியாகப் போகாது. ரௌட் சர்வர் என்கிற அந்தத் தரகர் ஸ்தானத்தில் பல இடங்களில் குவாக்கா உட்கார்ந்திருந்தது. ஜாதகங்கள் அதிகமாக ஆக அதற்கு மூச்சு முட்டியது.

தூங்கிக்கொண்டிருந்த பறவையை 2008, 2009 வாக்கில் எடுத்துத் தூசு தட்டியது சி.இசட்.நிக் என்ற அமைப்பு. நம்மூர் இணைய விலாசங்கள் ‘டாட் இன்’ என்று முடிகிற மாதிரி செக் விலாசங்கள் ‘டாட் சி.இசட்’ என்று முடியும். அந்தப் பதிவேட்டைப் பராமரிக்கும் லாப நோக்கமற்ற சங்கம் இது. அந்த மூன்று மாணவர்களில் ஒருவரான ஃபிலிப் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார் என்பது பறவையின் ஜாதக விசேஷம். சம்பளம் கொடுத்து ஆள் போட்டார்கள். வந்த ஆட்கள் முழுநேரமும் இதையே பார்த்தார்கள். லின்க்ஸ், டி.இ.சிக்ஸ் எல்லாம் தரகரை மாற்றின. 2010-ல் லின்க்ஸ் இதற்காக சி.இசட்.நிக்குக்கு விருது கொடுத்தது. 2012-ல் ஐரோப்பிய இணைப்பகங்களிடம் எடுத்த கணக்கில் அதிகம் உபயோகமான ரௌட் சர்வர் பேர்ட்தான்.

நான் பி.காம். படித்தவன். எந்தக் கதையிலும், காசு எங்கிருந்து வருகிறது என்ற இடத்தில்தான் எனக்குக் காது விடைக்கும். ப்ராகில் ஒரு பேக்கரிக்காரர் தன் கடைக்கு விலாசம் பதிவு செய்யக் கட்டுகிற வருஷச் சந்தாவில் கொஞ்சம் இந்தப் பறவைக்குத் தீனியாகப் போகிறது. அந்தச் செய்தி பேக்கரிக்காரருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். லண்டனில் இருக்கிற தரகரை நம்பி ஓடுகிற வலைகள் அத்தனையும் அவருக்கு ஒரு பன் அளவாவது கடன்பட்டிருக்கின்றன.

கல்லூரியில் எங்களுக்கு முதல் வருஷமே சொல்லிக்கொடுப்பார்கள். புதுக் கட்டடம் கட்டினால் அது மூலதனச் செலவு. பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் கம்பீரமாக உட்காரும். கட்டடத்துக்கு வெள்ளையடித்தால், ஒழுகலை அடைத்தால் அது ‘ரிப்பேர்ஸ் அண்ட் மெயின்டனன்ஸ்’. லாப நஷ்டக் கணக்கில் பற்றுப் பக்கம் போய் லாபத்தைத் தின்றுவிட்டு மறைந்துவிடும். திறப்பு விழாவுக்கு மந்திரி வருவார், கல்வெட்டு வைப்பார்கள். ஏரியைத் தூர் வாரியவன் பெயரைக் கல்வெட்டில் பார்த்திருக்கிறீர்களா? இத்தனைக்கும் நம் ஊர்களில் குடிமராமத்து என்று ஒரு ஏற்பாடே இருந்தது. ஏரித் தண்ணீரில் பாசனம் செய்கிறவர்கள் எல்லாரும் வீட்டுக்கு ஒரு ஆள் அனுப்பி வாய்க்காலைச் சீர்செய்வார்கள். எந்த மடையை எப்போது திறப்பது என்று பார்க்க நீர்க்கட்டி என்று தனி ஆள். அவருக்கு அறுவடையில் பங்கு. நீர்க்கட்டியின் பங்கைக் கொடுக்காமல் தண்ணீரை மட்டும் பாய்ச்சிக்கொள்வதுதான் இன்றைய மென்பொருள் உலகத்தில் பெரும்பாலோர் வழக்கம்.

“ஒரு தடவை எழுதி முடிச்ச மென்பொருள்தானே, அது என்ன தேஞ்சா போகும், மெயின்டனன்ஸுக்கு?” என்று அக்கா பையனிடம் கேட்டேன்.

“அது தேயாது மாமா. அதைச் சுத்தி இருக்கறது வளந்துடும்” என்றான்.

பேர்ட் எழுதப்பட்ட காலத்தில் உலக வழிப்பட்டியலில் ஒரு லட்சம் வரிகூட இல்லை. இன்று பத்து லட்சத்தை ஒட்டி நிற்கிறது. பொய் வழி சொல்கிறவனைப் பிடிக்க, கையெழுத்திட்ட சான்றிதழைச் சரிபார்க்கும் ஒரு முறை பின்னால் வந்தது. 1998-ல் யாரும் கேள்விப்படாத கடமை அது. அதையும் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. 2017 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பு வரை பழைய விலாச முறைக்கு ஒரு பேர்ட், புது விலாச முறைக்கு இன்னொரு பேர்ட் என்று இரண்டாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள், ஒன்றாக்கினார்கள். அடுத்தது இன்னும் கஷ்டம். பேர்ட் அதுவரை ஒற்றைச் சமையல்காரர். கம்ப்யூட்டருக்கோ இப்போது பதினாறு அடுப்பு. பல அடுப்பிலும் ஒரே சமயத்தில் சமைக்க ஆள் போட்டால், ஒரே சாம்பாருக்கு நாலு பேர் உப்புப் போட்டுவிடுவார்கள். யார் எப்போது கரண்டியைத் தொடலாம் என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் விதி எழுத வேண்டும். பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே சமையற்கட்டைப் பிரித்துக் கட்டும் வேலை. பல வருஷம் ஆயிற்று. மூன்றாம் பதிப்பு 2024 டிசம்பரில் வந்தது. அத்தனை வருஷமும் இரண்டாம் பதிப்பின் ஒழுகலையும் அதே ஆட்கள் அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

நானும் அவனும் முட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. 2019 ஜனவரி.

பி.ஜி.பி. அறிவிப்போடு சில குறிப்புகளையும் இணைத்து அனுப்பலாம். ஒவ்வொரு வகைக் குறிப்புக்கும் ஒரு எண். புரியாத எண் வந்தால், சில வகைகளில், பிரித்துப் பார்க்காமல் அடுத்த ஆளிடம் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. 255 என்ற எண்ணைச் சோதனைகளுக்காக ஒதுக்கியிருக்கிறார்கள். பாதுகாப்பு ஆராய்ச்சி செய்த ஒரு குழு முன்கூட்டி அறிவித்துவிட்டு, தங்கள் சொந்த விலாசத்துக்கான அறிவிப்பில் 255-ம் எண் குறிப்பைச் சேர்த்து அனுப்பினார்கள். விதிப்படி எல்லாம் சரி. ஆனால் எஃப்.ஆர்.ரௌட்டிங் ஆட்கள் தாங்கள் வளர்த்துக்கொண்டிருந்த ஒரு வசதிக்கு அதே 255-ஐ உள்ளே உபயோகித்திருந்தார்கள். வெளியீட்டில் அதை அணைக்காமல் விட்டுவிட்டார்கள். கொத்தனார் சாரத்தைப் பிரிக்கும்போது மறந்துபோன ஒரு ஆணி. விளைவு, ‘இது என் குறிப்பு மாதிரி இருக்கிறது, ஆனால் தப்புத்தப்பாக இருக்கிறது’ என்று கோபித்துக்கொண்டு டீமன் பக்கத்து வலையோடு பேச்சையே துண்டித்தது. மறுபடி பேச ஆரம்பித்தால் மறுபடி அதே குறிப்பு. மறுபடி துண்டிப்பு.

சோதனையை உடனே நிறுத்தினார்கள். எஃப்.ஆர்.ரௌட்டிங் ஆட்கள் இரண்டொரு நாளில் திருத்திய பதிப்புகளை வெளியிட்டார்கள். பழைய பதிப்புகளுக்கும் சேர்த்து. இரண்டு வாரம் அவகாசம் கொடுத்து ஜனவரி 23-ம் தேதி சோதனையை மறுபடி ஆரம்பித்தார்கள். திருத்திய பதிப்பைப் போடாத யாரோ ஒருவரின் வலை மறுபடி ஆட்டம் கண்டது. கடுமையான புகார். சோதனை நிரந்தரமாகக் கைவிடப்பட்டது.

“ஆராய்ச்சிக்காரங்க மேல தப்பே இல்ல மாமா. கொல்லைக் கதவு திறந்திருக்குன்னு சொல்லி, தாழ்ப்பாளும் வாங்கிக் குடுத்து, ரெண்டு வாரம் டைமும் குடுத்தாச்சு. அப்புறமும் சாத்தலேன்னா? அடுத்த தடவை வர்றவன் சொல்லிட்டா வருவான்?”

“டேய், அந்தப் பக்கம் இருக்கறவன் ஒத்தை ஆளா நூறு கதவைப் பாத்துக்கிட்டிருப்பான்டா. அவன் மேனேஜர் அவனுக்கு லீவே குடுக்க மாட்டான், தாழ்ப்பாள் போட எங்கே நேரம்?”

அவன் கட்சியில் நியாயம் இருக்கிறது. என் கட்சியிலும் இருப்பதாக நான் இன்றைக்கும் நினைக்கிறேன். திருத்தம் எழுதுவது பாதி வேலைதான். அதைப் போய்ப் போடுகிற மனிதனுக்கு அனுமதியும் இரண்டு மணி நேரமும் யாராவது கொடுத்தாக வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் எந்தக் கம்பெனியின் பட்ஜெட்டிலும் தனி வரியாக இருந்து நான் பார்த்ததில்லை.

போன வருஷம் இவனும் எஃப்.ஆர்.ரௌட்டிங்குக்கு ஒரு திருத்தம் அனுப்பினான். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஒரு கட்டளைக்கான விளக்கக் குறிப்பில் தப்பு, நாலு வரி. அதற்கு வந்த மரியாதையைச் சொல்ல வேண்டும். முகம் தெரியாத ஒருவர் உட்கார்ந்து படித்து, இது தனி, அது தனி என்று பிரித்து அனுப்பச் சொன்னார். தலைப்பு வரியை மாற்றச் சொன்னார். ‘இது நான் எழுதியது, கொடுக்க எனக்கு உரிமை உண்டு’ என்ற பொருளில் கையெழுத்து வரி விடுபட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். நான் ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் சரிபார்த்த நாள் ஞாபகம் வந்தது. 11 நாள் கழித்துச் சேர்த்துக்கொண்டார்கள். இவன் பெயர் அதில் இருக்கிறது.

அக்காவிடம் காட்டினான். “எவ்வளவு குடுத்தாங்க?” என்றாள்.

“ஒண்ணும் இல்லம்மா.”

“அப்ப அவருக்கு? அந்தப் படிச்சுப் பாத்தவருக்கு?”

சிலருக்கு அவர்கள் வேலை பார்க்கிற கம்பெனி சம்பளம் கொடுக்கும், சிலருக்கு இல்லை என்று விளக்கினான். அக்கா கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவன் கம்பெனியில் ஓடுவது இரண்டு வருஷம் பழைய பதிப்பு. ஓடுகிற வண்டியைத் தொடாதே என்பது மேலிடத்துச் சித்தாந்தம். இடையில் வந்த திருத்தங்களைப் பட்டியல் போட்டு மூன்று தடவை மெயில் அனுப்பி, இப்போதுதான் அனுமதி வந்திருக்கிறது. வருகிற ஞாயிறு ராத்திரி இரண்டிலிருந்து நாலு வரை. ஏதாவது கோளாறானால் பழைய பதிப்புக்குத் திரும்புவது எப்படி என்று ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறான், கையால். நெட் போய்விட்டால் மெயிலைத் திறந்து படிக்க முடியாதாம். அக்கா அன்றைக்கு ஃப்ளாஸ்க்கில் காப்பி போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.